சாவகச் சோறும் தமிழ்ச் சொல்லும்

ஜவ்வரிசி என்னும் பெயர் 'ஜாவா அரிசி' என்பதன் மரூஉ எனப் பொருள் கூறும் வழக்கம் தமிழரிடையே வேரூன்றியிருக்கிறது. வகுப்பில் மாணவர் கேட்டால் ஆசிரியரும் பெரும்பாலும் இதனையே சொல்லிச் செல்வர். செவிக்கு இனிய விளக்கந்தான். ஆனால் பொருளைக் கையில் எடுத்து நோக்கினால் நிற்காத விளக்கம். ஜவ்வரிசி அரிசி அன்று. சேகோ என்னும் பனையின மரத்தின் உள்ளீட்டை இடித்து, நீரில் கரைத்து, அடியில் படியும் மாவை மணிகளாக உருட்டியது அது. (பனையின் உள்ளீட்டையும் கற்றாழையின் உள்ளீட்டையும் 'சோறு' என்று வழங்குவது தமிழ் மரபே என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.) அம்மரம் மலுக்குத் தீவுகளிலும் சுமத்திராவிலும் சரவாக்கிலும் மிகுதி. 19-ஆம் நூற்றாண்டில் அம்மாவைத் தூய்மைப்படுத்தி, மணியாக்கி, கடல் கடந்து அனுப்பிய பெருந்துறைமுகம் சிங்கப்பூர். அங்குள்ள சைனாடவுனில் சேகோ தெரு என்னும் பெயர் அத்தொழிலின் எச்சமாக இன்றும் நிற்கிறது. மலாய் மொழியில் அம்மாவுக்குச் 'சாகு' என்று பெயர். சாகு அரிசியே சவ்வரிசி ஆயிற்று என்பதுதான் பொருளோடும் வணிகத்தோடும் ஒத்துவருகிறது. இன்று சேலத்திலிருந்து கடைக்கு வரும் ஜவ்வரிசியோ மரவள்ளிக் கிழங்கின் மாவு. அதில் ஜாவாவும் இல்லை, அரிசியும் இல்லை, சாகுவும் இல்லை.

ஒரு சொல்லின் கதையை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. ஜாவா நாட்டுச் சோற்று வகைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இந்த ஒரே தவற்றின் பல உருவங்களாக இருக்கின்றன. எழுதுவோர் பெயரைப் பார்க்கின்றனர்; பானையைப் பார்ப்பதில்லை. ஒரு சாரார் ஒலியொப்புமை கண்ட அளவிலேயே எல்லாம் தமிழகத்திலிருந்து போனவை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். மற்றொரு சாரார் ஆங்கில நூலில் கண்ட ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு, இட்டிலியே அங்கிருந்து வந்ததுதான் என்று வியக்கின்றனர். மூன்றாம் சாரார் இரண்டிலும் தலையிடாமல், ஆங்கிலப் பெயர்ப்பலகையை வைத்துச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, தமிழும் அல்லாத மலாயும் அல்லாத பெயர்களைப் படைக்கின்றனர். மூவர்க்கும் பொதுவான குறை, அடுப்பில் நடப்பது என்ன என்று கேளாமை.

தமிழ்நாட்டில் இருந்து எழுதுவோரிடம் இக்குறை இருப்பது வியப்பன்று. சிங்கப்பூர்த் தமிழரிடம் இருப்பதுதான் வியப்பு. லிட்டில் இந்தியாவுக்கு அருகே செல்லும் ஒரு சாலைக்குக் கம்போங் ஜாவா சாலை என்று பெயர். 1933 வரை ஃபாரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடலைச் சார்ந்து, ஜாவாவுக்கு வடக்கேயுள்ள பவேயான் தீவிலிருந்து வந்த போயானியர் குதிரைக்காரராக வாழ்ந்தனர். அதே வட்டாரத்தில்தான் தமிழரின் மாட்டுக் கொட்டில்களும் இருந்தன. கம்போங் கிளாமில் உள்ள அரபுத் தெருவைச் சீனர் 'ஜாவாத் தெரு' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். தமிழர் 'பூக்கடைச் சடக்கு' என்றனர். 1891-இல் ஹாட்டன் என்பவர் வெளியிட்ட தெருப்பெயர்த் தொகுப்பில் இத்தகைய வழக்குகள் பதிவாகியுள்ளன. ஜாவானியர் அடுக்களையின் மணம் எட்டும் தொலைவில்தான் தமிழர் குடியிருந்தனர்.

முதலில் நாட்டின் பெயரையே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழில் 'சாவகம்' என்று காணுமிடமெல்லாம் இன்றைய ஜாவாத் தீவு என்று கொள்வது வழக்கமாகிவிட்டது. மணிமேகலையில் ஆபுத்திரன் அமுதசுரபியோடு கப்பல் ஏறியது சாவக நாட்டில் மழையின்றி மக்கள் பசியால் வாடுகின்றனர் என்று கேட்டுத்தான். வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு உயிர் நீத்தவன், அந்நாட்டிலேயே புண்ணியராசனாகப் பிறந்து நாகபுரத்திலிருந்து ஆண்டான் என்பது காப்பியம் கூறும் செய்தி. சோறு வற்றாத பாத்திரத்தின் கதை சாவகத்தோடு பிணைந்திருப்பது உண்மை. ஆயினும் காப்பியச் சாவகம் இன்றைய வரைபடத்தில் எவ்விடம் என்பதற்குக் காப்பியத்திலேயே உறுதியான சான்று தேடுவது வீண். 1247-இல் ஈழத்தின்மேல் படையெடுத்த சந்திரபானுவைச் சாவகன் என்றனர். அவன் ஆண்டதோ இன்று தாய்லாந்தின் தென்பகுதியாக உள்ள தாம்பரலிங்கம். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரையும் ஆய்வாளர் இச்சாவகரோடு தொடர்புபடுத்துவர். அரபியரும் தீவுக்கூட்டம் முழுவதையுமே அப்பெயரின் அடியால் குறித்தனர். சிங்கப்பூரில் 1876-இல் தொடங்கிய மலாய் இதழுக்கு 'ஜாவி பெரானாக்கான்' என்று பெயர். அது குறித்தது ஜாவானியரை அன்று, தமிழ் முஸ்லிம் தந்தையர்க்கும் மலாய்த் தாய்மார்க்கும் பிறந்த வழியினரை. ஆகவே பழைய நூலில் 'சாவகம்' என்று இருப்பதைக் காட்டி இன்றைய ஜாவாவின் சோற்றுக்கு உரிமை கொண்டாடுவது முதற்படியிலேயே வழுக்கிவிடுகிறது.

இனிச் சோற்றுக்கு வருவோம். வயலில் நிற்பது நெல்; குத்தி உமி நீக்கியது அரிசி; வெந்தது சோறு. இம்மூன்றையும் தமிழ் மூன்று சொல்லால் பிரிக்கிறது. மலாய் மொழியும் அவ்வாறே 'பாடி', 'பெராஸ்', 'நாசி' என்று பிரிக்கிறது. ஜாவா மொழியில் 'பாரி', 'பெராஸ்', 'செகா' என்பர். ஆங்கிலத்துக்கு இவை அனைத்தையும் குறிக்கப் பெரும்பாலும் ஒரே சொல்தான். சோறுண்ணும் இரண்டு மக்கள் தத்தம் மொழியில் நுட்பமாகப் பேணிய வேறுபாடு, கோதுமை உண்ணும் ஒரு நாட்டாரின் மொழி வழியாகச் செல்லும்போது அழிந்துபோகிறது. 'பொரித்த அரிசி', 'கோழி அரிசி' என்று மாணவர் கட்டுரைகளில் காண்பது இவ்வழியே வந்த கேடு. அரிசியைப் பொரித்தால் கிடைப்பது பொரி. நாசி கோரெங் என்பது முன்னாள் வடித்து ஆறிய சோற்றைச் சட்டியில் எண்ணெய்விட்டுக் கிளறுவது. 'கோரெங்' என்ற ஒரு சொல்லுக்கு எதிராகத் தமிழில் வறுத்தல், பொரித்தல், வதக்குதல், தாளித்தல் என்று நான்கு வினைகள் உள. நான்கில் எதுவென்று அடுப்பைப் பார்த்தவனே சொல்ல முடியும்; அகராதியைப் பார்த்தவன் சொல்ல முடியாது.

'நாசி லெமாக்' என்பதைக் 'கொழுப்புச் சோறு' என்று எழுதுவதும் இவ்வகையே. அது ஜாவாவுக்கே உரிய உணவு அன்று. ஆயினும் ஜாவானியரின் 'செகா குரீ' அதற்கு நெருங்கிய உறவு. 'லெமாக்' என்னும் சொல்லுக்கு அகராதியில் கொழுப்பு என்று பொருள் இருக்கலாம். சமையலில் அது தேங்காய்ப்பாலால் வரும் செறிந்த சுவையைக் குறிக்கும். தேங்காய்ப்பால் சோறு என்றால் ஈழத்திலும் நாஞ்சில் நாட்டிலும் எவர்க்கும் விளங்கும். கொழுப்புச் சோறு என்றால் உண்ண வந்தவனும் எழுந்து போவான். நாசி என்ற மலாய்ச் சொல்லை அப்படியே எழுதினால் மூக்கு என்று பொருள்படுமே என்று தயங்குவோரும் உண்டு. மாணவர் முதல்முறை சிரிப்பர். இரண்டாம் முறை சிரிக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் தமிழரின் பிரியாணியே 'நாசி பிரியாணி' என்று பெயர்ப்பலகையில் ஏறி நெடுங்காலம் ஆயிற்று.

சொல்லின் மதிப்பிலும் ஓர் ஒப்புமை இருப்பதைத் தமிழாசிரியர் கவனிக்கலாம். ஜாவா மொழியில் நெருங்கியவரிடம் பேசும் நடை வேறு, பெரியோரிடம் பேசும் நடை வேறு. முன்னதில் சோறு 'செகா', பின்னதில் 'செக்குல்'. ஒரே சோற்றுக்கு இரண்டு பெயர். தமிழிலும் சோறு என்பது தாழ்வு, சாதம் என்பது உயர்வு என்றொரு மயக்கம் நெடுநாளாக உண்டு. ஆனால் ஜாவா மொழியில் அது முறையான இலக்கணம். கேட்பவரின் நிலையைப் பொறுத்து வாக்கியம் முழுவதுமே மாறும். தமிழில் அது வெறும் பழக்கம், இலக்கணம் அன்று. இரண்டையும் ஒன்றென்று எழுதுவோர் ஒப்புமையின் பாதியை மட்டுமே கண்டவராவர்.

சமைக்கும் முறையில்தான் வேறுபாடு ஆழமாகத் தெரிகிறது. தமிழர் பெரும்பாலும் நிறைந்த நீரில் அரிசியை வேகவிட்டுக் கஞ்சியை வடித்தனர். ஜாவானியரின் பழைய முறை வேறு. அரிசியைச் சிறிது நீரில் அரைவேக்காடாக எடுத்து, பின்னர் மூங்கிலால் கூம்பாகப் பின்னிய 'குக்குசான்' என்னும் கூடையில் இட்டு, 'டண்டாங்' என்னும் செப்புப் பானையின் மேல் வைத்து ஆவியில் முடிப்பர். கஞ்சி வடிப்பது அதில் இல்லை. விழாக்களில் மஞ்சள் நிறச் சோற்றை மலைபோல் கூம்பாக வைக்கும் 'தும்பெங்' அந்தக் கூடையைக் கவிழ்த்த வடிவமே. அக்கூம்பைக் கண்டு கோயில் கோபுரம் என்றும், படையற் சோற்றுக் குவியலின் வழி வந்தது என்றும் எழுதுவது எளிது. கோபுரத்தைத் தேடுமுன் கூடையைத் தேடியிருந்தால் அவ்வளவு தொலைவு போகவேண்டியிருந்திராது. 2014-இல் இந்தோனேசிய அரசு தும்பெங்கை நாட்டின் அடையாள உணவாக அறிவித்தது.

லொந்தோங்கைப் 'பொங்கல்' என்று விளக்குவதும் இவ்வாறே தவறு. வாழையிலையைக் குழலாகச் சுருட்டி, அதில் அரிசியைக் குறையாக இட்டு, இரு முனையும் செருகி, நீரில் பல நாழிகை வேகவைப்பர். அரிசி பருத்து இடமின்றி ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகிவிடும். ஆறவிட்டு வில்லைகளாக அறுத்து, தேங்காய்ப்பாலில் வெந்த காய்கறிக் குழம்பை ஊற்றி உண்பர். இன்று கடைகளில் வாழையிலைக்குப் பதில் பிளாஸ்டிக் பையில் வேகவைப்பது மிகுந்துவிட்டது. இலையின் மணம் போயிற்று. தென்னங்குருத்தை முடைந்த கூட்டில் இவ்வாறே வேகவைப்பது கெத்துப்பாட். பொங்கலில் அரிசி குழைவது நீரும் பாலும் மிகுதியாலும் இடம் இருப்பதாலும். லொந்தோங்கில் அது இறுகுவது இடம் இல்லாமையால். செயல் நேர்மாறானது. பொங்கலுக்கு ஜாவாவில் உறவு தேடுவோர் சோலோ நகரத்து 'நாசி லீவெட்டை' நாடலாம். நீரை வடிக்காமல், தேங்காய்ப்பாலோடு அரிசியைப் பானையிலேயே பொங்கி இறக்குவது அது. 'லீவெட்' என்னும் வினைக்குத் தமிழில் 'பொங்குதல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. லொந்தோங்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது, பொங்கலைவிட, திருநெல்வேலிச் சீமையில் கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டை. அங்கும் மாவு உள்ளே, அரிசி அன்று.

வட்டார வேறுபாட்டைப் பொருட்படுத்தாமை மற்றொரு பெருங்குறை. 'மலாய்ச் சாப்பாடு' என்ற ஒரே பெயரில் அனைத்தையும் அடக்குவது சிங்கப்பூர்த் தமிழரின் பேச்சு வழக்கு. பேச்சில் அது குற்றமன்று, கட்டுரையில் குற்றம். கம்போங் கிளாமில் புகழ்பெற்ற நாசி பாடாங் ஜாவா உணவே அன்று. அது மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களுடையது. மிளகாயின் உறைப்பும் கெட்டித் தேங்காய்ப்பாலும் அதன் இயல்பு. நடு ஜாவாவின் சுவை இனிப்பை நாடும். யோக்யகர்த்தாவின் 'குடெக்', பலாப்பிஞ்சைப் பனைவெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பல மணி நேரம் வேகவைத்துச் செம்பழுப்பாக்குவது. அந்நிறத்துக்காகத் தேக்கிலையையும் உடன் இடுவர். மேற்கே சுண்டா நாட்டார் பச்சை இலைகளைச் சம்பாலோடு தொட்டு, வாழையிலையில் பொதிந்த சோற்றை உண்பர். கிழக்கு ஜாவாவில் இறாலிலிருந்து எடுக்கும் கரிய 'பெத்திஸ்' விழுதின்றி உணவு இல்லை. ஒரு தீவுக்குள்ளேயே இவ்வளவு. செட்டிநாடும் கொங்குநாடும் யாழ்ப்பாணமும் ஒரே சமையல் என்று பிறர் எழுதினால் பொறுக்காத தமிழர், பிறரைப் பற்றி எழுதும்போது அதே தவற்றைச் செய்யலாகாது. இந்தோனேசியர் இதில் முன்னோடிகள். சுகர்ணோவின் விருப்பத்தால் தொகுக்கப்பட்டு 1967-இல் வெளிவந்த 'முஸ்திகா ராசா' என்னும் பெருநூல், தீவு தீவாகச் சேர்த்த 1600-க்கு மேற்பட்ட உணவுகளைக் கொண்டது. தமிழில் 1951-இல் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அளவும் முறையும் சொல்லி எழுதும் வழியைக் காட்டிற்று. அந்த வழியில் அண்டை வீட்டார் உணவைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

நாசி அம்பெங்கைப் பற்றிய எழுத்தில் இன்னொரு வகை மறதி தென்படுகிறது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றிக் கோழி, துருவிய தேங்காயை வறுத்துச் செய்த செருண்டிங், தெம்பே சேர்ந்த சம்பால் கோரெங், உருளைக்கிழங்கு உருண்டையான பெகெடில், கருவாடு, மீ ஆகியவற்றை வைத்து, நால்வர் ஐவர் சுற்றி அமர்ந்து கையால் உண்பது நாசி அம்பெங். ஜாவானியரின் வேண்டுதல் விருந்தில் ஓதுதல் முடிந்தபின் வைக்கப்படுவது. இவ்விருந்தைச் 'சிலாமெத்தான்' என்பர். கிளிஃபர்டு கியர்ட்ஸ் 1960-இல் வெளியிட்ட 'ஜாவாவின் சமயம்' என்னும் நூல் அதனை அந்நாட்டு வாழ்வின் மையமாகவே வைத்து ஆராய்ந்தது. தமிழில் எழுதுவோர் இதற்கு உவமை தேடிக் கோயில் படையலுக்கும் அன்னதானத்துக்கும் போகின்றனர். அவ்வளவு தொலைவு போவானேன்? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஈழத்து முஸ்லிம்களிடையிலும் ஒரே சகனில் பலர் கூடி உண்ணும் வழக்கம் இருக்கிறது. மலாயில் இவ்விருந்துக்குக் 'கெந்தூரி' என்று பெயர். தமிழ் முஸ்லிம்கள் 'கந்தூரி' என்பர். நாகூர்க் கந்தூரியை அறியாத தமிழர் இல்லை. சிங்கப்பூரில் 1828-க்கும் 1830-க்கும் இடையே தெலுக் ஆயர் தெருவில் எழுந்த நாகூர் தர்காவும் அவ்வழக்கத்தை அறிந்ததே.

இங்கே சொல் ஒன்று, செயலும் ஒன்று. எனில் யார் யாரிடம் பெற்றனர்? இருவருமே மற்றவரிடம் பெறவில்லை. சொல் பாரசீகத்தது, இஸ்லாத்தின் வழியே இரு கரைக்கும் வந்தது. தமிழ்ப் பண்பாட்டைப் பேசும்போது தமிழ் முஸ்லிம்களை மறந்துவிடும் பழக்கம் இருப்பதால்தான் கண்முன் இருக்கும் உவமை தென்படாமல் போகிறது. கம்போங் கிளாமில் ஜாவானியரோடு ஒரே பள்ளிவாசலில் தொழுது, ஒரே கந்தூரியில் உண்டவர்கள் அவர்களே.

இனி இட்டிலி வழக்கு. உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சய்யா 1994-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை எழுப்பினார். ஏறத்தாழ 920-இல் எழுந்த கன்னட நூலான வட்டாராதனையிலும், ஏறத்தாழ 1130-இல் எழுந்த மானசோல்லாசத்திலும் இட்டிலியை ஒத்த பெயர் வருகிறது. ஆனால் அங்குச் சொல்லப்படுவது உளுந்தால் ஆனது, அரிசி சேர்த்துப் புளிக்கவைத்து ஆவியில் அவித்ததன்று. ஆகவே இம்மூன்றும் பின்னர் வந்தவை என்றும், 800-க்கும் 1200-க்கும் இடையே இந்தோனேசியாவிலிருந்த மன்னரோடு வந்த சமையற்காரர் கொண்டுவந்திருக்கலாம் என்றும் அவர் கருதினார். கருதியவர் 'இருக்கலாம்' என்றார். எடுத்தெழுதியவர்கள் 'இருந்தது' ஆக்கிவிட்டனர். கெட்லி என்றொரு பெயரும் இதனோடு உலவுகிறது. அப்பண்டம் எவ்வூரில், எம்மாவில், எக்கலத்தில் செய்யப்படுகிறது என்று அதனை மீண்டும் மீண்டும் எழுதுவோர் ஒருவரும் சொல்வதில்லை.

அச்சய்யாவுக்கு உரிய புகழைக் குறைக்கலாகாது. அவர் பெயரை மட்டும் பார்க்கவில்லை. மாவையும் புளிப்பையும் ஆவியையும் பார்த்தார். அவர் வகுத்த வழியிலேயே சென்று நோக்கினால் அவர் முடிவு நிற்பதில்லை. ஜாவாவில் புளிப்பேற்றும் கலை மிக உயர்ந்தது என்பது உண்மை. ஆனால் அதன் இயல்பு வேறு. தெம்பே என்பது வெந்த சோயா மொச்சையில் ஒரு வகைப் பூஞ்சையை ஏற்றிக் கட்டியாக்குவது. 'தாப்பே' என்பது வெந்த பச்சரிசிச் சோற்றிலோ மரவள்ளியிலோ 'ராகி' என்னும் உறைமாவைத் தூவி இனிக்கவும் புளிக்கவும் விடுவது. இரண்டிலும் உறை வெளியிலிருந்து இடப்படுகிறது. இரண்டிலும் பொருள் முன்பே வெந்திருக்கிறது. இட்டிலி மாவிலோ உறை எதுவும் இடுவதில்லை. அரிசியிலும் உளுந்திலும் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களே இரவில் பொங்கவைக்கின்றன. வேகாத மாவுதான் புளிக்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது உளுந்தின் பசை. அந்த உளுந்து ஜாவாவின் புளிப்புப் பண்டங்களில் இல்லை. நூலில் ஒன்று சொல்லப்படவில்லை என்பதால் வீட்டிலும் அது இல்லை என்று கொள்வதும் துணிவான செயல். அரண்மனைச் சமையலை எழுதிய புலவர் எல்லா அடுக்களையிலும் நுழைந்து பார்த்தவர் அல்லர்.

மேலே சொன்ன 'ராகி' என்னும் சொல்லே ஒலியொப்புமையின் ஆபத்துக்குச் சிறந்த சான்று. ஜாவாவில் அது உறைமாவு, தமிழில் கேழ்வரகு. இரண்டுக்கும் எத்தொடர்பும் இல்லை. லிட்டில் இந்தியாவின் தேக்கா என்னும் பெயரைத் தேக்கு மரத்தோடு இணைப்பவனும் இக்குழியிலேயே விழுவான். அது மூங்கிற் புதரைச் சுட்டும் ஹொக்கியென் சொல். சொல் மட்டுமா, செயலும் ஒத்திருந்தும் தொடர்பில்லாமல் இருக்கலாம். மேற்கு ஜாவாவின் சிரெபோன் பக்கத்தில் 'நாசி ஜம்பிளாங்' என்னும் சோற்றைத் தேக்கிலையில் பொதிந்து விற்பர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் பாணரின் சுற்றத்துக்குத் தேக்கிலையில் குவித்து உணவு தருகின்றனர். இதனைக் கண்டு ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுத முனையலாம். அகன்ற இலையுள்ள மரம் இரண்டு நாட்டிலும் இருந்தது. பசித்தவனும் இரண்டு நாட்டிலும் இருந்தான். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

ஆயின் தமிழிலிருந்து ஜாவாவுக்கு எதுவும் போகவில்லையா? போயிருக்கிறது. 1088-இல் சுமத்திராவின் பாருஸில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தனர். இத்தகைய வணிகர் உணவும் உடன் கொண்டே சென்றிருப்பர். ஜாவாவின் 'அப்பெம்' அதற்கு நல்ல சான்று. அரிசிமாவைத் தாப்பே சேர்த்துப் பொங்கவிட்டுச் சிறு சட்டிகளில் சுடுவது; நோன்பு மாதத்துக்கு முந்திய மாதத்தில் இறந்தோரை நினைத்துப் பகிர்வது. பெயர் அப்பம், பொருள் அரிசிமாவு, தமிழர் கள் விட்டுப் பொங்கவைத்த இடத்தில் தாப்பே. மூன்றும் இசைகின்றன. ஜாவானியரோ அப்பெயரை மன்னிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகக் கூறுவர். 'குப்பாட்' என்பதையும் குற்றத்தை ஒப்புக்கொள்ளல் என்னும் தம் மொழித் தொடரின் சுருக்கம் என்பர். ஒலியைக் கொண்டு கதை கட்டுவதில் தமிழர் தனியர் அல்லர் என்பது ஓரளவு ஆறுதல்.

அப்பத்தைவிடவும் உறுதியானது புட்டு. 'புத்து' என்று வழங்கும் ஜாவாப் பண்டம் அரிசிமாவை மூங்கிற் குழலில் இட்டு, நடுவே பனைவெல்லம் வைத்து, ஆவியில் அவித்துத் தேங்காய்த் துருவலோடு தருவது. பெயர், மாவு, குழல், ஆவி, தேங்காய் என ஐந்தும் பொருந்துகின்றன. சிங்கப்பூரில் தட்டுப் போன்ற சிறு அச்சில் அவிக்கும் 'புத்து பிரிங்' அதன் கிளை. பிட்டுக்கு மண் சுமந்த கதை வழங்கும் மதுரையிலிருந்து வந்தவர் கேலாங் சிராய்ச் சந்தையில் அதை வாங்கி உண்டால் பெயர் கேளாமலே தெரிந்துகொள்வார். ஐந்து சான்று இருக்கும்போது உரிமை கோரலாம். ஒன்றே இருக்கும்போது கோருவது, ஐந்து இருக்கும் வழக்கையும் பிறர் ஐயுறச் செய்துவிடும். தமிழின் உண்மையான கொடையை மறைப்பவர் தமிழின் பகைவர் மட்டும் அல்லர்.

வந்தவற்றையும் கணக்கில் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்து அடுக்களையில் நாள்தோறும் இடிபடும் சம்பல், பெயரில் மலாய்ச் சம்பாலே. டச்சுக்காரர் காலத்தில் ஜாவாவிலிருந்து ஈழத்துக்கு நாடுகடத்தப்பட்டவரும் படைவீரராக வந்தவரும் அங்கே ஒரு சமூகமாகவே நிலைத்தனர். அவர்களோடு அம்மியில் அரைக்கும் அந்த உறைப்பும் வந்திருப்பது இயல்பு. சம்பலைத் தமிழ்ச் சொல் என்று நிறுவ முயல்வோர், அதை இழந்தால் யாழ்ப்பாணத்துப் பிட்டுக்குச் சுவை குறைந்துவிடும் என்று அஞ்சுகின்றனர் போலும்.

2020-இல் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் தமிழிலும் இவ்வுணவுகளைப் பற்றி எழுதும் தேவை பெருகியிருக்கிறது. பாடங்களிலும் கண்காட்சிப் பலகைகளிலும் பெயர்கள் ஏறுகின்றன. ஒருமுறை ஏறிய பெயரை இறக்குவது எளிதன்று. ஆதலின் எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்பதில் ஒரு நெறி வேண்டும். செயலைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. அவற்றைத் தயங்காமல் ஆளலாம். நாசி ஹிம்பிட்டை 'அழுத்திய சோறு' என்றும், நாசி பூங்குஸைக் 'கட்டுச்சோறு' என்றும் விளக்கினால் பிழையில்லை. பண்டத்தின் பெயரையோ மாற்றாமல் விடுவதே முறை; இட்டிலியைப் பிறர் 'அரிசி அப்பம்' என்று பெயர் மாற்றினால் தமிழர் ஏற்பரோ?

நாசி ராவோனை எடுத்துக்கொள்ளலாம். கிழக்கு ஜாவாவின் இக்கரிய மாட்டிறைச்சிக் குழம்பு சிங்கப்பூரின் ஜாவா உணவுக் கடைகளில் சோற்றோடு கிடைக்கிறது. கருமை வருவது 'கெலுவாக்' என்னும் கொட்டையால். பச்சையாக உண்டால் உயிரைக் கொல்லும் நஞ்சு அதில் உண்டு. வேகவைத்து, சாம்பலோடு மண்ணில் புதைத்து, பல நாள் கழித்து எடுத்தபின்னரே அது உணவாகும். 'கருங்கொட்டைச் சோறு' என்று ஒருவர் இதற்குப் பெயர் வைத்தால் கருமை தெரியும், கொட்டை தெரியும். நஞ்சும் தெரியாது, மண்ணும் சாம்பலும் காத்திருந்த நாளும் தெரியா. கெலுவாக் என்றே எழுதிவிட்டு, அடுத்த வரியில் இவ்வளவையும் சொல்லலாம். இடம் இரண்டு வரிதான் பிடிக்கும்.